மழைக்கு முன் மேட்டுக்கு

இங்கிலாந்தில் வாழும் சித்தாண்டி நண்பர் ஒருவர் ஐப்பசியில் ஊருக்கு வந்திருந்தார். கோடை விடுமுறையில் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் ‘கரவன்’ என்னும் வீட்டுவண்டி ஒன்று அவரிடம் உண்டு. பனிக்காலத்தில் அதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

முதலில் தண்ணீர்க் குழாய்களை வடித்துவிடுவாராம். நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு விரிந்து குழாயைப் பிளந்துவிடும். பற்றரி கழற்றப்படும். நிறுத்துகட்டை சில்லோடு ஒட்டிக்கொள்ளாதிருக்கக் கைத்தடையை விடுவித்து, சில்லுகளுக்கு அண்டை கொடுக்கப்படும். காற்றுப் புகும் உறை போர்த்தப்படும். பின்னர் வேலியும் காவலும் உள்ள வளவொன்றில் வாடகைக்கு நிறுத்திவிட்டு நிம்மதியாக உறங்குவார்.

ஆண்டில் சில வாரங்கள் உல்லாசமாகச் சுற்றும் வண்டிக்கு இத்தனை உபசாரம்! நான் அவரைப் பழிக்கவில்லை. குடும்பத்துக்குச் சோறு போடும் வண்டியை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்று எண்ணியபோதுதான் வெட்கம் வந்தது.

சித்தாண்டி மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, திருகோணமலை வீதியில், ஏறத்தாழ 20 கிலோமீற்றரில் உள்ளது. மேற்கே முந்தனை ஆறும் வயல்வெளியும். நமக்குப் பனிக்காலம் இல்லை, மாரி உண்டு. ஆண்டு மழையின் பெரும்பங்கு நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். பெரும்போக உழவும் விதைப்பும் முடிந்ததும் உழவு இயந்திரத்துக்கு வேலை குறைகிறது. அறுவடை வரும்வரை அது பெரும்பாலும் சும்மா நிற்கிறது. அதாவது, வெள்ளம் வரும் மாதங்களும் இயந்திரம் ஓய்ந்திருக்கும் மாதங்களும் ஒன்றே. நண்பரின் கரவனுக்குப் பனிக்காலம் எதுவோ, நம் உழவு இயந்திரத்துக்கு மாரி அதுவே. ஆயினும் அது நிற்கும் இடம் தாழ்ந்த வளவு. அதன் உறை இறுக்கிக் கட்டிய பொலித்தீன்.

அந்தப் பொலித்தீன் மழையைத் தடுப்பதோடு உள்ளே ஏறும் ஈரத்தையும் வெளியேற விடுவதில்லை. வியர்த்து நிற்கும் இரும்பில் துரு பிடிக்கிறது. நம் பாட்டன்மார் இதை அறிந்திருந்தார்கள். மாரி தொடங்குமுன் வண்டிலைக் கொட்டிலுக்குள் ஏற்றி, சில்லு ஈர மண்ணில் படாமல் கல்லின்மேல் நிறுத்தி, அச்சுக்கு எண்ணெய் இட்டார்கள். கொட்டிலுக்குக் கூரை இருந்தது, சுவர் இல்லை. அக்கூரையின்கீழ் காற்று நடமாடியது. மரவண்டிலுக்குக் காட்டிய அக்கறையைப் பல இலட்சம் ரூபாய் பெறும் இயந்திரத்துக்கு நாம் காட்டுவதில்லை.

இதைச் சொன்னால் மூன்று பதில்கள் வருகின்றன.

‘வெள்ளம் விதி’ என்பது முதலாவது. 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளியை வேண்டுமானால் விதி என்று சொல்லுங்கள். 2011 ஜனவரி வெள்ளம் நாடெங்கும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைப் பாதித்தது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் வந்தது. மாரிதோறும் வரக்கூடியதை விதி என்று சொல்வது சோம்பலுக்குச் சூட்டிய பெயர்.

‘அது உரிமையாளனின் சொந்த விடயம்’ என்பது இரண்டாவது. வீதியை வெள்ளம் மூடும்போது நோயாளியையும் கர்ப்பிணியையும் ஏற்றி வருவது எது? பெட்டி பூட்டிய உழவு இயந்திரம்தான். ஊரே அதில் ஏறிக் கரை சேர்ந்துவிட்டு, மறுநாள் அதைச் சொந்த விடயம் என்பது நன்றிகெட்ட பேச்சு.

‘பணம் இல்லை’ என்பது மூன்றாவது. பற்றரி இணைப்பைக் கழற்றப் பணம் வேண்டாம். டீசல் தாங்கியை நிரப்பி வைத்தால் உள்ளே நீராவி படிய இடமிராது. அந்த டீசல் அறுவடைக்கு உதவும். மூட்டுகளுக்குக் கிறீஸ், அச்சின்கீழ் கட்டைகள், காற்றோட்டம் விட்டுக் கட்டிய தறப்பாள்: இவற்றின் செலவு ஒரு மாதத் தவணைப்பணத்தில் சிறு பங்கு. தண்ணீர் ஏறிய இயந்திரத்தை வடிந்த மறுநாளே இயக்கிப் பார்ப்பவருக்குத்தான் பெருஞ்செலவு. நீர் அமுங்காது; அதை அமுக்க முயலும் பிசுட்டனின் இணைப்புத்தண்டு வளைந்துவிடும். முதலில் நீரை வடித்து, எண்ணெயை மாற்ற வேண்டும்.

தனியாளால் ஆகாதது ஒன்றுண்டு. அது மேட்டு நிலம். அதைப் பொதுவில்தான் கேட்க வேண்டும். கமநல சேவை நிலையங்களும் பிரதேச சபைகளும் கமக்காரர் அமைப்புகளும் ஒவ்வோர் ஊரிலும் வெள்ளம் ஏறாத ஒரு திடலைக் கிறவல் கொட்டி உயர்த்தி, மேலே கூரை போட்டு, இரவுக் காவலுக்கு முறை வகுத்து, ஐப்பசி பிறக்குமுன் யாருடைய இயந்திரம் எங்கே நிற்கும் என்று பட்டியல் எழுதட்டும். வெள்ள நாளில் மீட்புக்குப் புறப்படும் வண்டிகளும் அங்கிருந்தே புறப்படலாம்.

பழியில் எனக்கும் பங்குண்டு. எத்தனையோ வெள்ளச் செய்திகளை எழுதியிருக்கிறேன். இடம்பெயர்ந்த குடும்பங்கள் எத்தனை, அழிந்த ஏக்கர் எத்தனை என்று கேட்டேன். நீரில் நின்ற இயந்திரங்கள் எத்தனை என்று ஒருநாளும் கேட்டதில்லை. நெல் போனால் ஒரு போகம் போகிறது. தவணை முடியாத இயந்திரம் போனால் அடுத்தடுத்த போகங்களும் கடனோடு போகின்றன.

நண்பர் திரும்பிப் போய்விட்டார். அவருடைய கரவன் பனியிலும் பத்திரமாக இருக்கும். அடுத்த மாரிக்குமுன் நம் உழவு இயந்திரங்கள் மேடேறுமா என்பதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.