முதுகைப் பார்த்துப் பேர் சொல்

டால்பின் ஆராய்ச்சி என்றதும் உங்கள் மனசில் என்ன படம் ஓடுகிறது? நீலக் கடல், வெள்ளைப் படகு, கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் ஒரு டால்பின் துள்ளிக் குதித்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். பின்னணியில் கிடார்.

கிடாரை நிறுத்துங்கள். முதலாவது, டால்பின் சிரிப்பதில்லை. அதன் வாய் அமைப்பே அப்படி. வலித்தாலும், செத்துக் கரை ஒதுங்கினாலும் போஸ்டரில் இருக்கும் தலைவர் மாதிரி அதே முகம்தான். இரண்டாவது, அது வாழ்நாளில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியில் கழிக்கிறது. படகில் இருப்பவருக்குக் கிடைப்பது சாம்பல் நிறத்தில் ஒரு முக்கோணம். இரண்டு செகண்ட். புஸ் என்று ஒரு மூச்சு. அவ்வளவுதான், ஆள் காணோம்.

அந்த முக்கோணம்தான் முதுகுத் துடுப்பு. அதன் பின் ஓரத்தில் சண்டையில் கடிபட்டது, எதிலோ கிழிபட்டது என்று வெட்டுக்களும் பிசிறுகளும் இருக்கும். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. டால்பினுக்கு அதுதான் ரேஷன் கார்டு. பகலெல்லாம் துடுப்புகளைப் போட்டோ எடுத்துவிட்டு, கரைக்கு வந்து பழைய ஆல்பத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, 'இது இன்னாரின் மகள்' என்று கண்டுபிடிக்க வேண்டும். இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் பேராசிரியர்கள் அல்ல. கல்லூரிப் பிள்ளைகள். வெயிலில் மூக்குத்தோல் உரிந்த உதவியாளர்கள்.

காலை நடையில் சந்திக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் என்னை வழிமறித்தார். மகள் விலங்கியல் படிக்கிறாள்.

"மேல டால்பின் பத்திப் படிக்கப் போறேங்கறா ஸார். கடல்ல போய் மீனை வேடிக்கை பாக்கறதுக்கு ஒரு படிப்பா? சோறு போடுமா?"

"மீன் இல்லை ஸார். பாலூட்டி."

"அது சரி, சம்பளம்?"

நியாயமான கேள்வி. சம்பளத்தைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் 'வேடிக்கை' என்றாரே, அதற்குப் பதில் உண்டு.

இந்த வேலையில் வேடிக்கை பார்க்கத்தான் தடை. ஒரே ஒரு டால்பினைத் தேர்ந்தெடுத்து அதையே தொடர வேண்டும். குறித்த நேரம் வந்ததும், அந்தக் கணத்தில் அது என்ன செய்கிறது என்று கட்டத்தில் எழுத வேண்டும். போகிறது. போகிறது. ஓய்வு. ஓய்வு. இரை தேடுகிறது. போகிறது. பக்கத்தில் வேறு நாலு டால்பின்கள் ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடலாம். உங்கள் ஆள் சும்மா மிதந்தால் நீங்கள் எழுத வேண்டியது 'ஓய்வு'.

ஏன் இந்தத் தண்டனை? கென்யாவில் பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் என்ற அம்மையார் 1974-ல் ஒரு கட்டுரை எழுதினார். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினால், கண்ணைப் பறிப்பது மட்டுமே நோட்டில் ஏறும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. எதிர்வீட்டுத் தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சண்டை போடும்போதுதான் நீங்கள் ஜன்னலுக்கு வருகிறீர்கள். ஆகவே, 'எப்பப் பார்த்தாலும் சண்டை' என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். அவர் தினம் அந்த அம்மாளுக்குக் காபி கலந்து கொடுப்பது உங்கள் கணக்கில் வராது. விலங்குகளுக்கும் நாம் அப்படித்தான் அநியாயம் செய்துகொண்டிருந்தோம். ஆல்ட்மன் சொன்ன முறை இன்று மிருகங்களைக் கவனிக்கும் எல்லோருக்கும் அரிச்சுவடி.

இந்த அலுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள்.

அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் சரசோட்டா விரிகுடா. 1970-ல் பிளேர் இர்வின் என்பவர் அங்கே டால்பின்களை அடையாளமிட்டு ஆராயத் தொடங்கினார். இவை நிரந்தரக் குடித்தனமா, வந்து போகிற விருந்தாளிகளா? அதுவே தெரியாத காலம். உதவிக்கு வந்தவர்களில் ராண்டி வெல்ஸ் என்று ஒரு பையன். கல்லூரிகூட இல்லை, உயர்நிலைப் பள்ளி மாணவன். நிரந்தரக் குடித்தனம்தான் என்று தெரிந்தது. பையன் வீட்டுக்குப் போகவில்லை. பின்னாளில் அவரே அந்தத் திட்டத்தின் இயக்குநர் ஆகி, உலகின் மிக நீண்ட டால்பின் ஆராய்ச்சியாக அதை வளர்த்தார். இன்று சுமார் 170 டால்பின்களின் குடும்ப விவரம் அங்கே இருக்கிறது, பாட்டி, கொள்ளுப்பாட்டி சகிதம். அதில் நிக்லோ என்ற பாட்டியை 2016-ல் பார்த்தபோது அவளுக்கு வயது 66. பல்லில் விழும் வளையங்களை வைத்துக் கணக்கிட்ட வயது. மூன்று வருட மானியத்தில் அறுபத்தாறு வயதுப் பாட்டியைக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஷார்க் பே. பெயர்தான் சுறா விரிகுடா, புகழ் டால்பினுக்கு. 1982-ல் ரிச்சர்ட் கானர், ரேச்சல் ஸ்மோல்கர் என்ற இளைஞர்கள் அங்கே போனார்கள். 1984-ல் ஒரு விநோதம் கண்ணில் பட்டது. மூக்கில் கடற்பஞ்சை மாட்டிக்கொண்டு திரியும் டால்பின். அடிமணலைக் கிளறி மீன் பிடிக்கும்போது மூக்கு கிழியாமல் இருக்க, கையுறை மாதிரி ஒரு மூக்குறை! அதை முறையாக எழுதி வெளியிட்டது 1997-ல். 2005-ல் மரபணு ஆராய்ச்சியும் சேர்ந்து, இது பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்குப் போகிற கைத்தொழில் என்று காட்டியது. வத்தக்குழம்புப் பக்குவம் போல.

ஆனால் நான் நண்பருக்குச் சொன்னது பஞ்சுக் கதை அல்ல, படகுக் கதை.

அதே ஷார்க் பேயில் டூரிஸ்டுகளை டால்பின் காட்டக் கூட்டிப்போகும் படகுக் கம்பெனி முதலில் ஒன்று இருந்தது, பிறகு இரண்டானது. யாரும் டால்பினைச் சுடவில்லை, வலை போடவில்லை. கிட்டே போய்ப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இதில் என்ன கெட்டுப்போகும் என்று யாருக்கும் தோன்றும். லார்ஸ் பெய்டரும் சக ஆராய்ச்சியாளர்களும் வருடக்கணக்கான குறிப்புகளைப் புரட்டி 2006-ல் கணக்குச் சொன்னார்கள். இரண்டு கம்பெனிகள் ஓடிய காலத்தில் அந்தப் பகுதியில் டால்பின்கள் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்திருந்தன. படகு போகாத பக்கத்துப் பகுதியில் அந்தச் சரிவு இல்லை. தொல்லை தாங்காதவை சத்தமில்லாமல் ஒதுங்கிவிட்டன. நிற்பவை சிரித்த முகத்தோடு நிற்பதால் டூரிஸ்டுக்கு எதுவும் தெரியாது.

அரசாங்கம் இரண்டு உரிமங்களில் ஒன்றை நீக்கியது.

யோசித்துப் பாருங்கள். 'பாவம் ஸார் டால்பின்' என்று யாராவது மனு கொடுத்திருந்தால் அது எந்த அலமாரிக்குப் போயிருக்கும்? ஓர் அமைச்சரின் மேஜையில் ஜெயித்தது துடுப்பு போட்டோக்களும், தேதியும், நேரமும், எண்ணிக்கையும். படகு வருவதற்கு முன்னால் எத்தனை இருந்தன என்று, தேவைப்படும் என்று தெரியாமலே யாரோ எண்ணி வைத்திருந்தார்கள். பிரச்னை வந்த பிறகு எண்ணத் தொடங்கினால், 'முன்னே எத்தனை?' என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. போன வருஷத்தை இந்த வருஷம் போய் எண்ண முடியாது.

நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "அதெல்லாம் சரி ஸார், என் பொண்ணுக்குப் படகுல ஏறினா வாந்தி வருமே" என்றார்.

அது அம்மா வழியாகவும் வந்திருக்கலாம். பஞ்சு மாதிரி எல்லாம் நல்லதாகவே வருமா என்ன? எலுமிச்சம்பழம் ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள் என்றேன். நோட்டுப் புத்தகமும் ஒன்று. கொஞ்சம் தடிமனாக.