பல்லும் உடம்பின் பகுதிதான்!

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2007-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். அவன் சாவுக்குக் காரணம் ஒரு சொத்தைப் பல். பல்லில் கட்டிய சீழிலிருந்து கிருமிகள் மூளைக்குப் பரவின. இரண்டு முறை மூளையில் ஆபரேஷன் செய்தார்கள். ஆறு வாரங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். செலவு சுமார் இரண்டரை லட்சம் டாலர். பையன் பிழைக்கவில்லை. அந்தப் பல்லை ஆரம்பத்திலேயே பிடுங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவு 80 டாலர்!

அந்த 80 டாலர் வைத்தியம் ஏன் கிடைக்கவில்லை? குடும்பம் ஏழைக் குடும்பம். ஏழைகளுக்கென்று சர்க்கார் நடத்தும் மெடிக்கெய்ட் என்ற காப்புத் திட்டத்தில் அவர்களுடைய பதிவு நின்றுபோயிருந்தது. பதிவு இருந்தாலும், அத்திட்டத்தின் பேரில் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கச் சம்மதிக்கும் வைத்தியரைக் கண்டுபிடிப்பது சுலபமாக இல்லை. பணக்கார நாடு ஒன்றின் தலைநகருக்குப் பக்கத்திலேயே இது நடந்தது. இதை ஒரு தாயின் அஜாக்கிரதை என்றோ, விதி என்றோ சொல்லித் தள்ளிவிட நாம் தயாராக இல்லை. பல்லை உடம்பிலிருந்து பிரித்துத் தனிக் கணக்கில் எழுதி வைத்திருக்கும் ஏற்பாட்டின் விளைவு இது. அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதை நமது வாசகர்களும் தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில் பல் வைத்தியத்துக்கும் சேர்த்துப் பணம் தருவதாகச் சொல்லும் பாலிசிகள் இன்று நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்துவிட்டன.

முதலில், பல் வைத்தியரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று விஷயத்தைப் பார்ப்போம்.

சொத்தை என்பது பல்லைத் துளைக்கும் புழு அல்ல. பல்லின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய படலம் படிகிறது. அதில் கிருமிகள் வாழ்கின்றன. நாம் தின்னும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் பல்லின் எனாமலைக் கரைக்கிறது. சற்று நேரத்தில் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தை ஓரளவு திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். ஆகவே எவ்வளவு சர்க்கரை தின்றோம் என்பதோடு எத்தனை தடவை தின்றோம் என்பதும் முக்கியம். சாப்பாட்டோடு ஓர் இனிப்புத் தின்பவனைவிட, நாள் முழுவதும் மணிக்கொரு தரம் சர்க்கரைத் தேநீர் குடித்து வேலை செய்பவனுடைய பல்லுக்கே ஆபத்து அதிகம். பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தையின் முன்பற்கள் கரைவதும் இதனால்தான்.

இந்த உண்மை எப்படி நிரூபிக்கப்பட்டது என்பதும் நினைவில் இருக்கட்டும். ஸ்வீடனில் விப்பெஹோல்ம் என்ற மனநோய் விடுதியில் 1940-களின் பிற்பகுதியில், சம்மதம் சொல்லவோ மறுக்கவோ முடியாத மனிதர்களுக்குப் பல்லில் ஒட்டும் மிட்டாய்களை வேண்டுமென்றே கொடுத்துச் சோதித்தார்கள். அவர்களுடைய பற்கள் சொத்தையாயின. 1954-ல் முடிவுகள் வெளியாயின. கதியற்ற மனிதர்கள் தங்கள் பற்களை இழந்ததால் உலகத்துக்குக் கிடைத்த அறிவு இது. அதைப் பெட்டியில் பூட்டி வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

தடுப்பு முறைகள் எளியவை. ஃபுளோரைடு கலந்த பற்பசையால் காலையும் இரவும் துலக்க வேண்டும். இரவில் துலக்கியபின் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் கூடாது. நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலசி மருந்தையும் வெளியேற்றிவிடக் கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவு பசை, அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைக்குப் பட்டாணி அளவு. செங்கற்பொடியும் கரித்தூளும் பல்லைத் தேய்க்குமே தவிரக் காக்காது. ஈறில் ரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்துவது தவறு. சரியாகத் துலக்கவும், காரையை எடுத்துவிடவும் வேண்டிய நேரம் அதுவே. ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் ஒரு பூச்சுப் பூசி அடைத்துவிட்டால் சொத்தை அங்கே நுழைவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். புகையிலையும் பாக்கும் வாயில் புற்றுநோயை உண்டாக்கும். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

ஃபுளோரைடு விஷயத்தில் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் 1945 ஜனவரியில் குடிநீரில் இதைச் சிறிதளவு சேர்த்தது. பதினோரு ஆண்டுகளில், அதன்பின் பிறந்த பிள்ளைகளிடையே சொத்தைப் பல் 60 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. நமது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலோ நிலைமை நேர் எதிரானது. அங்கே பல இடங்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. அதனால் பல்லில் பழுப்புக் கறை ஏறுகிறது, எலும்பும் கெடுகிறது. 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. ஆக, ஒரு ஊரின் பல்லைக் காப்பதில் குடிநீர்க் குழாய்க்கும் பங்கு உண்டு. தனி மனிதன் கையில் இருக்கும் பிரஷ் மட்டும் போதாது.

இவ்வளவு தெரிந்திருந்தும் உழைப்பாளி எப்போது பல் வைத்தியரிடம் வருகிறான்? வலி தாங்க முடியாமல் இரவு முழுவதும் விழித்த பிறகுதான். சிறு பள்ளமாக இருக்கும்போது வந்தால் அடைத்துவிடலாம். செலவும் குறைவு, நேரமும் குறைவு. நரம்பு வரை போய்விட்டால் வேர் சிகிச்சை, பிறகு அதன்மேல் உறை. அதையும் தாண்டினால் பிடுங்குவது, பொய்ப்பல் கட்டுவது. ஒவ்வொரு படிக்கும் செலவு பல மடங்கு ஏறுகிறது. வலியில்லாத பல்லைக் காட்டுவதற்காக அரை நாள் கூலியை இழக்கத் தினக்கூலிக்காரனால் முடிவதில்லை. "முன்பே வந்திருக்கக் கூடாதா?" என்று வைத்தியர் கேட்கிறார். கேள்வி நியாயமானது, ஆனால் அதைக் கூலிக்காரனிடம் மட்டும் கேட்டுப் பயனில்லை.

இங்கேதான் இன்ஷூரன்ஸ் வருகிறது. தீ விபத்து எங்கோ ஒரு வீட்டில் நடக்கிறது. ஆயிரம் வீட்டுக்காரர்கள் கட்டும் பிரிமியத்தில் ஒரு வீட்டைக் கட்டிக் கொடுக்கலாம். பல்லோ எல்லோருக்கும் உண்டு, தொல்லையும் அநேகமாக எல்லோருக்கும் வருகிறது. லாபத்துக்கு வியாபாரம் செய்யும் கம்பெனி இதை எப்படிச் சமாளிக்கிறது? தன் பொறுப்புக்கு வேலி போட்டுக்கொள்கிறது. அமெரிக்காவில் வழக்கத்தில் உள்ள பாலிசியைப் பாருங்கள். பரிசோதனைக்கும் சுத்தம் செய்வதற்கும் 100 சதவிகிதம். பல் அடைக்க 80 சதவிகிதம். உறை, பொய்ப்பல் போன்ற பெரிய வேலைக்கு 50 சதவிகிதம். பெரிய வேலைக்குச் சேர்ந்தவுடன் பணம் கிடையாது, பல மாதம் காத்திருக்க வேண்டும். பாலிசி எடுப்பதற்கு முன்பே விழுந்த பல்லுக்குப் பதில் பல் கட்டப் பல பாலிசிகளில் பணம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டு உச்சவரம்பு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய வேலை என்று வகைப்படுத்தப்பட்ட சிகிச்சைக்கு 2,400 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 50 டாலர் நோயாளியுடையது. மீதி 2,350-ல் பாதி, அதாவது 1,175 டாலரைக் கம்பெனி தர வேண்டும். ஆனால் உச்சவரம்பு 1,000 டாலர் என்றால் அதற்கு மேல் ஒரு காசும் வராது. 1,400 டாலர் நோயாளியின் தலையில் விழுகிறது. இதுவரை அவர் கட்டிய பிரிமியம் தனி. உடம்புக்கான இன்ஷூரன்ஸில், நோயாளி இவ்வளவுக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்று வரம்பு கட்டுகிறார்கள். பல் இன்ஷூரன்ஸிலோ, கம்பெனி இவ்வளவுக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்று வரம்பு கட்டுகிறார்கள்! 1970-களில் வழக்கமாக இருந்த 1,000 டாலர் வரம்பு இன்றும் பல பாலிசிகளில் அப்படியே இருக்கிறது. விலைவாசி மட்டும் பல மடங்கு ஏறிவிட்டது. அதனால்தான் அங்கே வைத்தியரும் நோயாளியும் சேர்ந்து யோசித்து, ஒரு பல்லை டிசம்பரிலும் இன்னொரு பல்லை ஜனவரியிலும் பார்க்கிறார்கள். இரண்டு வருஷத்து வரம்பையும் பயன்படுத்திக்கொள்ள வேறு வழி இல்லை. எந்தப் பல்லை எப்போது பார்ப்பது என்பதை நோய் தீர்மானிப்பதில்லை, பாலிசியின் ஷரத்து தீர்மானிக்கிறது.

ஆனால் இந்த இன்ஷூரன்ஸ் பிறந்த கதை வேறு. 1954-ல் அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகங்களில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில் இருந்த துறைமுக, கிடங்குத் தொழிலாளர் சங்கம், கப்பல் முதலாளிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கிடைத்த நலநிதியிலிருந்து பல் வைத்தியத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. யாருக்கு? தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு. அதை நடத்துவதற்காகவே வாஷிங்டன், ஆரிகன், கலிபோர்னியா மாநிலங்களின் பல் வைத்தியர்கள் சேவை ஸ்தாபனங்களை அமைத்தார்கள். இன்று பெரிய பெயராக விளங்கும் டெல்டா டென்டல் அவற்றிலிருந்து வளர்ந்ததே. சுமை தூக்கும் தொழிலாளிகள் எங்கே ஆரம்பித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தங்கள் பொய்ப்பல்லில் அல்ல, குழந்தையின் புதுப் பல்லில். தடுப்பு என்பதன் பொருளை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்பதில் சந்தேகமில்லை.

சர்க்கார்களோ பல்லின் விஷயத்தில் கையை இழுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. முதியோருக்கான மெடிக்கேர் சட்டம் அமெரிக்காவில் 1965-ல் வந்தபோது வழக்கமான பல் வைத்தியம் அதிலிருந்து விலக்கப்பட்டது. பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் தேசிய சுகாதார சேவை பல் வைத்தியத்தையும் இலவசமாகக் கொடுத்தது. ஆண்டுக்கணக்கில் வலியைப் பொறுத்திருந்த ஜனங்கள் பொய்ப்பல்லுக்காக வெள்ளம்போல் வந்தார்கள். 1951-ல், கொரியா யுத்த காலத்து ஆயுதச் செலவு ஏறிய வேளையில், பொய்ப்பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் போட்டார்கள். அதை எதிர்த்து அனூரின் பெவன் மந்திரி பதவியை ராஜினாமா செய்தார். அடுத்த ஆண்டு பல் சிகிச்சைக்கும் ஒரு பவுன் கட்டணம் வந்தது. இலவச வைத்தியத்தில் முதல் சொத்தை விழுந்தது பல்லிலும் கண்ணிலும்தான்!

நம் நாட்டில் என்ன நிலைமை? பெரும்பாலான மெடிக்கல் பாலிசிகள், விபத்தில் பல் உடைந்தால் ஒழியப் பல் வைத்தியத்துக்குப் பணம் தருவதில்லை. ஆனால் தொழிலாளிகளின் கையிலேயே ஓர் உரிமை இருக்கிறது. 1948-ம் ஆண்டுச் சட்டத்தின்படி பிறந்து, 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. திட்டத்தில் பல் சிகிச்சையும் அடங்கும். நம் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கும் காசு அதற்கும் சேர்த்துத்தான். ஜுரத்துக்கு மட்டும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போவது, பல்லுக்குக் கைக்காசைச் செலவழிப்பது என்ற பழக்கம் மாற வேண்டும். பல் வைத்தியர் இல்லாத இடத்தில் ஏன் இல்லை என்று தொழிற்சங்கம் கேட்க வேண்டும்.

தனியார் பாலிசி எடுக்க நினைப்பவர்கள் கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேட்கட்டும்: வருஷத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள்? எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? எந்த வேலைக்கு எத்தனை சதவிகிதம்? ஏற்கெனவே இருக்கும் கோளாறுக்குப் பணம் உண்டா? நம் ஊர் வைத்தியர் உங்கள் பட்டியலில் இருக்கிறாரா? ஒரு வருஷத்து பிரிமியத்தையும் கைக்கு வரக்கூடிய தொகையையும் காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். பரிசோதனையும் சுத்தமும் முழுச் செலவில் கிடைக்கும் பாலிசி இருந்தால் அதைத் தவறாமல் பயன்படுத்தட்டும். காசு கட்டிவிட்டு வலி வரும்வரை காத்திருப்பவர், கம்பெனிக்கு லாபம் தேடிக் கொடுப்பவர் ஆவார்.

வாய் நோய்களால் அவதிப்படுவோர் உலகத்தில் சுமார் 350 கோடிப் பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. அப்படியானால் காரியம் எங்கே தொடங்க வேண்டும் என்பது வெளிப்படை. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் வருஷம் ஒரு முறை பிள்ளைகளின் பல்லைப் பார்த்து, பார்த்ததோடு நில்லாமல் சிகிச்சையும் கொடுக்க வேண்டும். கடைவாய்ப் பல்லுக்குப் பூச்சு இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் தோறும் பல் வைத்தியரும் கருவிகளும் மருந்தும் இருக்க வேண்டும். உடம்புக்கு உள்ள காப்பு பல்லுக்கும் உண்டு என்று சட்டமே சொல்ல வேண்டும்.

இது நடக்காத காரியம் அல்ல. மேரிலாந்துச் சிறுவனின் சாவு எழுப்பிய கோபத்துக்குப் பிறகு, 2009-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பிள்ளைகளுக்கான காப்புத் திட்டத்தில் பல் வைத்தியத்தைக் கட்டாயமாக்கியது. அதற்கு ஓர் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்னொரு பிள்ளையை இழந்துதான் நாமும் விழித்துக்கொள்ள வேண்டுமா? இந்த வாரமே நம் வீட்டுப் பிள்ளையின் வாயைத் திறந்து பார்ப்போம். அடுத்த சங்கக் கூட்டத்தில் பல்லையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம்.