வசந்தம் வேண்டாம், மழைக்கு நடுவுல ஒரு இடைவெளி போதும்

எட்டாவது செமஸ்டர் வந்தாலே ஹாஸ்டல்ல ஒரே பேச்சுதான்: "மச்சி, எங்க போலாம்?" கோவா, மணாலி, கையில கொஞ்சம் காசு இருந்தா தாய்லாந்து. லிஸ்ட் வருஷா வருஷம் மாறுறதே இல்ல. கூகுள்ல தேடினா "வசந்தகாலத்தில் பார்க்க வேண்டிய வெப்பமண்டல நாடுகள்"னு பத்து பக்கம் வரும். அதெல்லாம் பனியில ஆறு மாசம் உறைஞ்சு கிடக்கிறவங்களுக்காக எழுதினது. அவங்களுக்கு வெயில்னாலே சந்தோஷம். நமக்கு அப்படியா?

என் கருத்தை நேராச் சொல்லிடுறேன். இயற்கையையும் காட்டு விலங்கையும் பார்க்கணும்னு உண்மையிலேயே ஆசை இருந்தா, மார்ச் நடுவுல இருந்து ஏப்ரல் முதல் வாரத்துக்குள்ள இலங்கைக்குப் போங்க. ஆனா ஒரு நிபந்தனையோட போங்க. அது என்னன்னு கொஞ்சம் கழிச்சுச் சொல்றேன். முதல்ல ஏன் அந்த மாசம், ஏன் அந்த நாடு?

வெப்பமண்டலத்துல "வசந்தம்"னு தனியா ஒரு பருவம் கிடையாது. அங்க வருஷத்தைப் பிரிக்கிறது குளிரோ வெயிலோ இல்ல, மழை. இலங்கையோட பரப்பளவு சுமார் 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டுல ஏறக்குறைய பாதி. அந்தச் சின்ன தீவுக்கு ரெண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலி, மலையகத்தோட மேற்குச் சரிவு எல்லாத்தையும் நனைக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு பக்கம் கொட்டும். இந்த ரெண்டுக்கும் நடுவுல காத்து ஓய்ஞ்சு நிக்கிற காலம்தான் மார்ச்சும் ஏப்ரலும். மேற்கு, கிழக்கு ரெண்டு கரையும் ஒரே நேரத்துல ஓரளவு அமைதியா இருக்கிற அபூர்வமான இடைவெளி அது.

"அப்போ க்ளைமேட் சூப்பரா இருக்குமா?"ன்னு கேட்டா, இல்ல. பொய் சொல்ல விரும்பல. ஏப்ரல் 5-க்கும் 15-க்கும் நடுவுல சூரியன் இலங்கைக்கு நேர் மேல, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். நடுப்பகல்ல ஒரு கம்பத்தை நட்டா நிழலே விழாத நாட்கள் அவை. வெயில் காயும், புழுக்கம் கொல்லும். காத்து பலமா இல்லாததால சூடான ஈரக்காத்து அப்படியே மேலெழும்பி, மதியத்துக்கு மேல இடியோட மழையாக் கொட்டும். ஆனா இதுல ஒரு நல்லது இருக்கு. மழை பெரும்பாலும் டைம்டேபிள் போட்ட மாதிரி மதியத்துக்கு அப்புறம்தான் வரும். விடியக்காலையில கிளம்பி, பதினோரு மணிக்குள்ள வேலையை முடிச்சிட்டா, நாள் உங்க கையில. விலங்குகளும் அதே டைம்டேபிள்லதான் நடமாடுது.

அந்த நாட்டுக்காரங்க இந்தக் காலத்தை எப்படி அடையாளம் கண்டுக்கிறாங்க தெரியுமா? சிங்கள மக்களுக்கு குயில் கூவுறதும், எறபது மரம் பூக்கிறதும்தான் புத்தாண்டு வரப்போகுதுங்கிறதுக்கு அறிகுறி. எறபதுன்னா வேற எதுவும் இல்ல, நம்ம ஊர் வேலியில நிக்கிற கல்யாண முருங்கைதான். அதே சிவப்புப் பூ. அவங்க புத்தாண்டும் நம்ம சித்திரைப் புத்தாண்டும் ஏப்ரல் 13, 14-ல சேர்ந்தே வருது. ஒரு எச்சரிக்கை: அந்த வாரத்துல கடைகள் மூடியிருக்கும், பஸ்ல இடம் கிடைக்காது, நுவரெலியால கூட்டம் அள்ளும். அதனாலதான் ஏப்ரல் முதல் வாரத்துக்குள்ள முடிச்சிடுங்கன்னு சொன்னேன்.

சரி, என்ன பார்க்கலாம்?

தென்கிழக்குல, கதிர்காமத்துக்குப் பக்கத்துல யால தேசியப் பூங்கா. இலங்கையில புலி கிடையாது. அதனால அங்க காட்டுக்கு ராஜா சிறுத்தைதான். உலகத்துலயே சிறுத்தைகள் அடர்த்தியா வாழுற இடங்கள்ல யாலவும் ஒண்ணு. வடகிழக்கு மழை முடிஞ்சு நிலம் காய ஆரம்பிக்கிற நேரம்ங்கிறதால விலங்குகள் குளங்களைத் தேடி வரும்.

தென்கரையில மிரிஸ்ஸ. அங்க கண்டத்திட்டு ரொம்பக் குறுகலா இருக்கிறதால, கரையிலிருந்து சில கிலோமீட்டர்லயே ஆழ்கடல் வந்துடும். நீலத் திமிங்கலம் அவ்வளவு கிட்ட வர்றதுக்கு அதுதான் காரணம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்க சீசன்.

மலைக்குப் போனா ஹோட்டன் சமவெளி, 2,100 மீட்டருக்கு மேல. காலையில ஸ்வெட்டர் இல்லாம நிக்க முடியாது. உலக முடிவுன்னு சொல்ற பள்ளத்தாக்கு விளிம்புக்கு ஒன்பது மணிக்குள்ள போயிடணும், அப்புறம் மேகம் மூடிடும். புல்வெளியில கடமான் மேயும், அவங்க தமிழ்ல அதுக்குப் பேர் மரை.

தென்மேற்குல சிங்கராஜா மழைக்காடு, 1988-லயே யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்தது. அங்க ஒரு அதிசயம் உண்டு. தவிட்டுக்குருவி, கரிச்சான்னு பல இனப் பறவைகள் ஒரே கூட்டமா சேர்ந்து இரை தேடிப் போகும். அரை மணி நேரம் காடு அமைதியா இருக்கும். திடீர்னு தலைக்கு மேல ஒரு அலை மாதிரி கடந்து போகும். அட்டைக்கடி இலவச இணைப்பு.

ஒரு குட்டி விஷயம். ஆறுமணிக்குருவின்னு ஒரு வண்ணப் பறவை, காலையிலயும் சாயங்காலமும் ஆறு மணி வாக்குல கத்துறதால அந்தப் பேர். குளிர்காலத்தைத் தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் கழிச்சிட்டு, இந்த மாசங்கள்லதான் குஞ்சு பொரிக்க வடக்கே கிளம்பும். நீங்க போற நேரம் அது மூட்டை கட்டுற நேரம்.

அதே சமயம், மின்னேரியா குளத்துல நூத்துக்கணக்கான யானைகள் கூடுற காட்சியை மார்ச்ல எதிர்பார்க்காதீங்க. அது ஜூலைக்கு அப்புறம், மத்த நீர்நிலைகள் வத்தினப்போ நடக்கிறது. யாராவது "இப்பவே காட்டுறேன்"னு சொன்னா நம்பாதீங்க.

இப்ப அந்த நிபந்தனைக்கு வர்றேன். ஜீப்ல ஏறினதும் டிரைவர்கிட்ட ஒரு வாக்கியம் சொல்லணும்: "அண்ணா, சிறுத்தை கிடைக்கலன்னாலும் பரவாயில்ல, மெதுவாப் போலாம்." யால பக்கம் பெரும்பாலும் சிங்களம்தான். "ஹெமின் யமு"ன்னு சொல்லுங்க, மெதுவாப் போவோம்னு அர்த்தம். சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவார்.

ஏன் இவ்வளவு முக்கியம்? யாலவோட முதல் பிளாக்ல சீசன்ல நடக்கிறதை கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்க உடனே புரிஞ்சுப்பாங்க. ஒரு ஜீப் சிறுத்தையைப் பார்க்குது. டிரைவர் இன்னொருத்தருக்குச் சொல்றார். அவர் இன்னும் ரெண்டு பேருக்கு. கொஞ்ச நேரத்துல அந்த மண் ரோட்டுல ஜீப் வரிசை, புழுதி, டீசல் புகை. சிறுத்தை எழுந்து போயிடும். பார்க்காதவங்க இன்னும் வேகமாத் தேடுவாங்க. சுத்தமான பாசிட்டிவ் ஃபீட்பேக். இந்த சிஸ்டத்துக்கு செட் பாயிண்ட் வைக்கிறது யார்? பூங்கா அதிகாரியோ டிரைவரோ இல்ல. பின் சீட்ல உட்கார்ந்து "சிறுத்தை காட்டினா டிப்ஸ் தர்றேன்"னு சொல்ற ஆள்தான். டிரைவரைத் திட்டிப் பயனில்ல. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அப்புறம் கொரோனா, அப்புறம் 2022 பொருளாதார நெருக்கடின்னு சுற்றுலாவை நம்பி வாழுறவங்க வரிசையா அடி வாங்கினாங்க. டிப்ஸ் எதுக்குக் கிடைக்குதோ அதைத்தான் அவர் செய்வார். மெதுவா ஓட்டினதுக்கும், மயிலையும் முதலையையும் நின்னு காட்டினதுக்கும் டிப்ஸ் கொடுங்க. செட் பாயிண்ட் மாறும்.

"நான் ஒருத்தன் சொன்னா என்ன ஆகப்போகுது?"ன்னு தோணும். கடல்ல நடந்ததைப் பாருங்க. இலங்கையோட தென்முனையை ஒட்டித்தான் உலகத்தோட நெரிசலான கப்பல் பாதைகள்ல ஒண்ணு போகுது. நீலத் திமிங்கலம் இரை தேடுற இடமும் அதேதான். கப்பல் மோதி திமிங்கலம் சாகுறது அங்க பெரிய பிரச்சினை. இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் மாதிரி ஆய்வாளர்கள் வருஷக்கணக்கா இதைப் பத்திப் பேசிட்டே இருந்தாங்க. 2022-ல எம்.எஸ்.சி.ங்கிற பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனம், யாரும் சட்டம் போடாமலேயே, தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளி ஓட்ட ஆரம்பிச்சது. பாதையைச் சுமார் 15 கடல் மைல் தள்ளினாலே மோதல் ஆபத்து பெருமளவு குறையும்னு ஆய்வாளர்கள் காட்டியிருந்தாங்க. கப்பலே ஒதுங்கிப் போகலாம்னா, ஒரு ஜீப்பால முடியாதா? திமிங்கலம் பார்க்கப் போற படகுக்கும் இதேதான். துரத்துற படகு வேண்டாம், இன்ஜினைக் குறைச்சு தூரத்துல காத்திருக்கிற படகைத் தேடிப் பிடிங்க.

இன்னொண்ணு. நுவரெலியா, எல்ல பக்கம் ரயில்ல போகும்போது தேயிலைத் தோட்டத்தைப் போட்டோ எடுத்து "நேச்சர்"னு ஸ்டேட்டஸ் போடுவோம். பச்சையா இருக்கிறதெல்லாம் காடு இல்ல. அங்க இருந்த மலைக்காட்டை அழிச்சு முதல்ல காப்பி போட்டாங்க. 1869-ல இருந்து இலைத்துரு நோய் பரவி காப்பி அழிஞ்சதும் தேயிலை. அந்தத் தோட்டங்கள்ல கொழுந்து பறிக்கிற மலையகத் தமிழரோட முன்னோர் நம்ம ஊர்களிலிருந்து கூட்டிட்டுப் போகப்பட்டவங்க. போட்டோவுக்கு போஸ் கொடுக்கச் சொல்றதுக்கு முன்னாடி, "அக்கா, எந்த ஊர்?"னு தமிழ்ல கேட்டுப் பாருங்க. தாய்லாந்துல கிடைக்காத ஒரு உரையாடல் அது.

"இதெல்லாம் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இருக்கே, எதுக்குக் கடல் தாண்டணும்?"னு கேட்டா, நியாயமான கேள்வி. உயிரியலாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் சேர்த்து ஒரே பல்லுயிர்ச் செழிப்பிடமாத்தான் கணக்கு வைக்கிறாங்க. ஆனா மார்ச், ஏப்ரல் நம்ம இலையுதிர் காடுகளுக்குக் காய்ஞ்சு கிடக்கிற காலம், காட்டுத்தீ காலம். 2018 மார்ச்ல குரங்கணியில நடந்தது மறந்திருக்காது. நம்ம காட்டுக்கு மழைக்கு அப்புறம் போலாம். அந்த ரெண்டு மாசம் அதை நிம்மதியா விட்டுடலாம்.

செலவு? சென்னையிலிருந்து கொழும்பு விமானத்துல ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. 2023 அக்டோபர்ல தொடங்கின நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலும் இருக்கு, ஓடுற நாளைப் பார்த்துட்டு டிக்கெட் போடுங்க. விசா விதி அடிக்கடி மாறும், அரசு இணையதளத்துல மட்டும் பாருங்க. பூங்காக் கட்டணம் வெளிநாட்டவருக்கு அதிகம். சார்க் நாட்டுக்காரங்களுக்குத் தனிக் கட்டணம் இருக்கான்னு பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்க. ஏழு நாள்ல எட்டு இடம்னு ஓடாம, மூணே இடம் தேர்ந்தெடுத்தா பணமும் மிச்சம், காலும் மிச்சம்.

கடைசியா, போகாதவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. போயிட்டு வந்தவன் ரூமுக்குள்ள நுழைஞ்சதும் நாம கேட்கிற முதல் கேள்வி "சிறுத்தை பார்த்தியா?"தான். இந்த ஒரு கேள்விதான் அங்க அத்தனை ஜீப்பையும் விரட்டுது. அதுக்குப் பதிலா "எங்க அதிக நேரம் சும்மா உட்கார்ந்திருந்தே, அங்க என்ன வந்துச்சு?"ன்னு கேளுங்க. அந்தப் பதில் இன்னும் நீளமா இருக்கும்.