வரைபடத்தில் வீடு, வாசலில் கடை

நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்கும் பெயர் மாற்ற விளம்பரங்களுக்கும் இடையே, அவ்வப்போது ஒரு சின்னப் பெட்டி கண்ணில் படும். இன்ன கிராமம், இன்ன சர்வே எண்ணில் உள்ள நிலத்தை ‘ஆதாரக் குடியிருப்பு’ உபயோகத்திலிருந்து ‘வணிக’ உபயோகத்துக்கு மாற்றக் கோரி மனு வந்திருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் 21 நாள்களுக்குள் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு எழுதலாம் என்றிருக்கும். அடுத்த மனையின் சர்வே எண் என்னவென்று சட்டென்று சொல்லக்கூடியவர் சென்னையில் எத்தனை பேர்? தன் வீட்டு எண்ணுக்கே பத்திரத்தைத் தேட வேண்டியிருக்கும். 21 நாளும் சத்தமில்லாமல் கழிவதில் வியப்பில்லை.

ஆனாலும் இதுதான் நேரான வழி. மனு போட்டு, கட்டணம் கட்டி, வரைபடத்தில் நிறம் மாறும்வரை காத்திருந்து கடை கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எந்த விளம்பரமும் இல்லாமல் நடக்கும் மாற்றங்களோ தெருவுக்குத் தெரு கண்ணில் படும். முதலில் முன்னறையில் ஒரு டாக்டர் உட்காருவார். சில ஆண்டுகளில் ரத்தப் பரிசோதனை நிலையம் மாடிக்கு ஏறும். மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு டியூஷன் நடக்கும். அடுக்ககமாக இருந்தால், கார் நிறுத்துமிடம் என்று அனுமதி வரைபடத்தில் காட்டிய தூண்களுக்கு நடுவே ஹாலோ பிளாக் சுவர் எழும்பும். ரோலிங் ஷட்டர் வரும். மொபைல் கடை திறக்கும். உள்ளே நிற்க வேண்டிய கார்கள் தெருவில் நிற்கும். 1968இல் வர்த்தகப் பொருட்காட்சி நடந்த இடத்தை ஒட்டி வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய அண்ணா நகரில் இரண்டாவது அவென்யூ இன்று முழுநீளக் கடைவீதி. நுங்கம்பாக்கத்தின் காதர் நவாஸ் கான் சாலையில் பங்களாக்கள் ஒவ்வொன்றாக ஆடையகங்களாகவும் உணவகங்களாகவும் மாறின.

இந்த மாற்றத்தில் பாதிக்கு மேல் தவறே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. மயிலாப்பூர் மாட வீதிகளிலும் சௌகார்பேட்டையிலும் கீழே கடை, மேலே வீடு என்பது தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். வீட்டுக்கு ஓரிடம், கடைக்கு ஓரிடம், ஆலைக்கு ஓரிடம் என்று ஊரைக் கட்டம் கட்டிப் பிரிக்கும் முறை கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்நாட்டிலிருந்து வந்தது. நியூயார்க் நகரம் 1916இல் அப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தது. பத்தாண்டு கழித்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த முறைக்கே ஒப்புதல் தந்தது. ஆலைப் புகையிலிருந்து வீட்டைக் காக்கும் நோக்கம் நியாயமானது. அதே கோடு மளிகைக் கடையையும் சலூனையும் குடியிருப்பிலிருந்து விலக்கும்போதுதான் சிக்கல்.

சென்னையின் விதிகள் அவ்வளவு கறாரானவையும் அல்ல. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம், அதன்கீழ் 1974இல் சட்ட அந்தஸ்து பெற்ற வளர்ச்சிக் குழுமம், 1976இல் முதல் முழுமைத் திட்டம், 2008இல் இரண்டாவது திட்டம் என்று இந்தக் கட்டமைப்பு வளர்ந்தது. ஆதாரக் குடியிருப்பு என்று குறிக்கப்பட்ட இடத்திலும் பெட்டிக்கடை, டீக்கடை, பால் பூத், சைக்கிள் ரிப்பேர் கடை, தையற்கடை ஆகியவற்றுக்கு இரண்டாவது திட்டத்தின் விதிகளில் இடம் உண்டு. குடியிருப்பவர் வீட்டிலேயே சிறிய அளவில் ஆலோசனை அறை வைத்துக்கொள்ளலாம். சின்னக் கடையை விதி அறிந்தே இருக்கிறது. அந்தச் சின்னக் கடை வளர்ந்து ஆறு மாடி ஆகும்போது என்ன செய்வது என்பதற்குத்தான் அதனிடம் விடையில்லை.

இதற்குத் தியாகராய நகரைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது. 1920இன் சென்னை நகரத் திட்டச் சட்டம் வந்த கையோடு, மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியைத் தூர்த்து அமைத்த குடியிருப்பு அது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்னும் இருக்கிறது. பார்க்க ஏரிதான் இல்லை. பனகல் பூங்காவை நடுவில் வைத்து, நீதிக் கட்சித் தலைவர்களின் பெயர்களைச் சாலைகளுக்கு இட்டு, காம்பவுண்டுக்குள் தோட்டமும் கிணறுமாகத் தனி வீடுகள் எழுந்தன. பட்டுக்கடைகளும் பாத்திரக்கடைகளும் பின்னால் வந்தன. மாம்பலம் ரயில் நிலையத்தின் வாசலில் இறங்குகிற ரங்கநாதன் தெரு, வெளியூர்க்காரர்கள் வந்து மொத்தக் கல்யாணச் சாமானையும் வாங்கிப் போகும் தெருவானது. மனை அளவு மாறவில்லை, தெரு அகலம் மாறவில்லை, சாக்கடைக் குழாய்கூடப் பழைய கணக்குதான். கட்டடம் மட்டும் மேலே போனது.

அதாவது தி.நகரில் வெடித்த வழக்குகளின் மையம், வீட்டு மனையில் கடை வந்தது அல்ல. கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடத்தை விடாதது, அனுமதித்த தளங்களுக்கு மேல் தளங்கள் போட்டது, வண்டி நிறுத்த இடம் வைக்காதது, தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லாதது. நகரத்துக்கு வலித்தது கடையின் இருப்பால் அல்ல, அதன் கனத்தால்.

இதை அரசு எப்படி எதிர்கொண்டது என்பது மன்னிப்புகளின் வரலாறு. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 113ஆவது பிரிவு எந்தக் கட்டடத்துக்கும் எந்த விதியிலிருந்தும் விலக்கு தர அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அப்படித் தரப்பட்ட 62 அரசாணைகளை உச்ச நீதிமன்றம் 2000இல் ரத்து செய்தது. பிரிவை மட்டும் விட்டுவைத்தது. இடையில் 113-ஏ என்று ஒரு பிரிவு நுழைந்திருந்தது. 1999 பிப்ரவரி 28க்குள் கட்டி முடித்த விதிமீறல் கட்டடங்களைப் பணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம், இது ஒரே ஒரு முறை தரும் சலுகை என்றார்கள். அந்த ஒரே முறை 2000 ஆகஸ்டுக்கும், பிறகு 2001 ஜூலைக்கும், பிறகு 2002 மார்ச்சுக்கும் நீண்டது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளைச் செல்லாது என்றது. இடிக்கும் வேலை தொடங்கும் என்று எதிர்பார்த்த நேரத்தில், 2007இல் நடவடிக்கையை நிறுத்திவைக்க அவசரச் சட்டம் வந்தது. அதுவும் ஆண்டுக்காண்டு நீண்டது. என்ன செய்யலாம் என்று சொல்ல நீதிபதி மோகன் தலைமையில் குழு அமைந்தது. 2012இல் 113-சி பிரிவு வந்தது. 2007 ஜூலை 1க்குள் கட்டிய கட்டடங்களை அதன்கீழ் எப்படி முறைப்படுத்துவது என்ற வழிமுறை வெளியாக 2017 ஆனது. மனைகளின் கதையும் இதே தடத்தில்தான் போனது: அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது; மறு ஆண்டே அவற்றை வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது.

இதற்கு நடுவே 2011 அக்டோபர் கடைசியில், தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு, தி.நகரின் பெரிய கடைகள் பலவற்றுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். பொங்கலுக்கு முன்னால் உச்ச நீதிமன்றத்தின் தற்காலிக அனுமதியோடு கதவுகள் திறந்தன. பண்டிகைக் காலண்டரை நன்றாகப் படித்த அமலாக்கம் என்று அதைச் சொல்லலாம்.

தீக்குக் காலண்டர் தெரியாது. 2008 செப்டம்பர் தொடக்கத்தில் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடை எரிந்து ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். இரண்டாவது முழுமைத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தந்ததும் அதே வாரத்தில்தான். 2017 மே 31 அன்று தெற்கு உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை பற்றிக்கொண்டது. தீ ஒரு நாளைத் தாண்டியும் அடங்கவில்லை. கட்டடம் பகுதியாகச் சரிந்து, மீதியை இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று. பழைய விதிமீறல்களை முறைப்படுத்தும் 113-சி வழிமுறை அடுத்த மாதமே வந்தது. இரண்டும் தற்செயல்தான். ஆனால் ஒரு மேசையில் திட்டமும் மறு மேசையில் மன்னிப்பும் எழுதப்படும் ஊரில் இத்தகைய தற்செயல்கள் அடிக்கடி நேரும்.

அரசுக்கு விவரமே தெரியாமல் கடைகள் முளைத்துவிட்டன என்ற வாதமும் எடுபடாது. வீட்டு மின் இணைப்பில் கடை நடத்தினால் மின்வாரியம் கண்டுபிடித்து வணிகக் கட்டணத்துக்கு மாற்றுகிறது. மாநகராட்சி அதே கட்டடத்துக்குக் குடியிருப்பு அல்லாத பயன்பாடு என்று கூடுதல் சொத்து வரி போடுகிறது. தொழில் உரிமமும் தருகிறது. ஜி.எஸ்.டி. பதிவில் அந்த முகவரி கடை முகவரியாகவே இருக்கிறது. இத்தனை அலுவலகங்களுக்கும் கடையாகத் தெரிவது திட்ட அனுமதிக் கோப்பில் மட்டும் மூன்று படுக்கையறை வீடாக இருக்கிறது. வரி கட்டுவதால் கட்டடம் சட்டப்பூர்வமாகிவிடாது என்பது வேறு விஷயம். ஆனால் வரி வாங்குகிற கை, அந்த வரியோடு சேர்ந்த தகவலைப் பக்கத்து மேசைக்குத் தள்ளாமல் இருப்பதற்குச் சட்டத்தில் ஒரு காரணமும் இல்லை.

டெல்லி இதே பாதையில் இன்னும் கடுமையாக நடந்து பார்த்தது. 2006இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் குடியிருப்புப் பகுதிக் கடைகளுக்கு சீல் வைக்கத் தொடங்கியபோது வியாபாரிகள் தெருவுக்கு வந்தார்கள். சீலம்பூரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. மறு ஆண்டு வந்த 2021க்கான பெருந்திட்டம், கலப்புப் பயன்பாட்டுத் தெருக்கள் என்ற வகையை விரிவாக ஏற்றுக்கொண்டது. உயிர் போன பிறகு எழுதியதை முன்பே எழுதியிருக்கலாம்.

ஜப்பான் போன வழி வேறு. அங்கே மண்டல வகைகளை ஊருக்கு ஊர் கண்டுபிடிப்பதில்லை. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம், பதின்மூன்று வகைகள். அவற்றில் மிகக் கறாரான தாழ்மாடிக் குடியிருப்பு மண்டலத்தில்கூட, வீட்டோடு சேர்ந்த கடையோ அலுவலகமோ 50 சதுர மீட்டருக்குள்ளும் கட்டடப் பரப்பில் பாதிக்குக் குறைவாகவும் இருந்தால் தாராளமாக நடத்தலாம். அடுத்தடுத்த வகைகளில் அந்த அளவு படிப்படியாகக் கூடுகிறது. கடையா வீடா என்று கேட்பதோடு நிற்காமல், எவ்வளவு பெரிய கடை, எப்படிப்பட்ட இடத்தில் என்று கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு லஞ்சம் வாங்க இடமுண்டு. இரண்டாவதை டேப் வைத்து அளந்துவிடலாம்.

சென்னையும் உருப்படியாக ஒன்றைச் செய்து காட்டியிருக்கிறது. ஜார்ஜ் டவுனின் சந்துகளில் லாரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கொத்தவால்சாவடி மொத்தக் காய்கறிச் சந்தையை 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றியது. விடியற்காலை மூட்டைகள் இறங்கும் வணிகத்துக்கும் குடியிருப்புக்கும் ஒத்துவராது என்பதைச் சரியாகக் கணித்த முடிவு அது. கோயம்பேட்டிலும் நெரிசலும் குப்பையும் உண்டு. ஆனாலும் எதை நகர்த்த வேண்டும் என்ற தேர்வில் பிழையில்லை. துணிக்கடையை அப்படி நகர்த்த முடியாது, ஏனென்றால் வாடிக்கையாளர் வரும் வழியே அதன் முதலீடு. பாண்டி பஜாரில் 2019இல் அகலப்படுத்திய நடைபாதையும், மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் 2023இல் இணைத்த ஆகாய நடைமேடையும் அதை ஒப்புக்கொண்ட பிறகு கிடைத்த பலன்கள். கூட்டத்தைத் துரத்தாமல் அதற்கு வழி விட்டார்கள்.

நடைமேடை தெருவின் கனத்தைக் கொஞ்சம் தாங்கும். கட்டடத்தின் கனத்தை விதிதான் தாங்க வேண்டும். அங்கே போக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. 2019இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடத்தின் தளப்பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2ஆக உயர்த்தின. ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், முன்பு 3,600 சதுர அடி கட்டியவர் இப்போது 4,800 கட்டலாம். உயரமும் 15.25 மீட்டரிலிருந்து 18.3 மீட்டரானது. வீட்டுப் பஞ்சம் உள்ள நகரத்தில் இது நியாயமான தளர்வு. ஆனால் கூடுதலாகக் கிடைத்த அந்த 1,200 சதுர அடியில் குடும்பம் குடியேறுகிறதா, ஊழியர் நிறைந்த அலுவலகம் வருகிறதா என்பதைத் தெருவின் அகலத்தோடும் கழிவுநீர்க் குழாயின் கொள்ளளவோடும் பொருத்திப் பார்க்கும் வேலை அனுமதி தரும் நாளோடு முடிந்துவிடுகிறது. நிறைவுச் சான்றிதழ் வாங்கிய மறுநாள் கார் நிறுத்துமிடத்தில் ஷட்டர் இறங்கினால் கேட்பவர் யார்? பல ஆண்டு கழித்து வழக்குப் போடும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர்தான்.

இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026வரை. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டத்தின் வேலையும் நடக்கிறது. பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904ஆக விரிந்து அரக்கோணம்வரை போய்விட்டது. இன்று அங்கே லே-அவுட் போட்டுக் கல் நடுகிற மனைகளில் பல, இன்னும் கால் நூற்றாண்டில் ஒரு உஸ்மான் சாலைக்கு முகப்பாக நிற்கும். எந்த மனை என்பதை யாரும் இப்போதே சொல்ல முடியாது. எத்தனை அடிச் சாலையில் எத்தனை சதுர அடிக் கடை தானாகவே அனுமதிக்கப்படும், அதற்கு மேல் போனால் எந்த அளவில் நின்றுவிட வேண்டும் என்பதை இப்போதே எழுதிவைக்க முடியும். சின்னக் கடைக்காரர் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. அளவு மீறுகிறவருக்கு மின்வாரியத்தின் வணிக இணைப்பு விண்ணப்பத்திலேயே கேள்வி கிளம்பும். நிலப்பயன்பாட்டு மாற்ற விளம்பரத்தில் சர்வே எண்ணோடு கதவு எண்ணும் தெருப் பெயரும் தவறாமல் இருக்க வேண்டும். அதையே சம்பந்தப்பட்ட மனையின் கேட்டில் ஒரு பலகையாகவும் மாட்ட வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது. 113ஆவது பிரிவுக்குப் பின்னால் இன்னோர் எழுத்தைச் சேர்க்கும் யோசனை எந்த அலுவலகத்திலாவது இருந்தால், அந்தக் கோப்பை மூன்றாவது திட்டம் வெளியாவதற்கு முன்பே மூடிவிடலாம்.