அறிவியலும் வாழ்க்கைத் தொழிலும்

பள்ளிக் கல்வி முடியும் காலத்தில் மாணவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. 'எதைப் படித்தால் விரைவில் வேலை கிடைக்கும்?' என்பதே அது. குடும்பத்தின் நிலையை எண்ணிப் பார்க்கும் பிள்ளைகள் இவ்வாறு கேட்பதில் குற்றம் இல்லை. ஆயினும், அறிவியலையும் பொறியியலையும் நாடுவோர்க்கு அக்கேள்வி மட்டும் போதாது. 'எந்தச் சிக்கலைத் தீர்க்கும் அறிவைப் பெறப் போகின்றோம்?' என்னும் கேள்வியும் உடன் எழுதல் வேண்டும். பணிகளின் பெயர்கள் காலந்தோறும் மாறும்; உணவு, நீர், ஆற்றல் ஆகியவை பற்றிய சிக்கல்களோ என்றும் உள்ளவை. அவற்றைத் தீர்க்க அறிந்தவரை உலகம் தேடி வரும்.

அத்தகைய சிக்கல்களைக் காண மாணவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையே, கடலூர் செல்லும் இருப்புப்பாதையில் மேல்பட்டாம்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. அவ்வட்டாரத்தில் கரும்பு விளைகின்றது. அடுத்துள்ள நெல்லிக்குப்பத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை தோன்றிற்று. வெட்டிய கரும்பை நாள் கடத்தாமல் ஆலைக்கு அனுப்புதல் வேண்டும் என்பதை அங்குள்ள உழவர் அனைவரும் அறிவர். காரணம் யாது? வெட்டிய கரும்பு காத்துக் கிடக்குங்கால், நொதிகளும் நுண்ணுயிர்களும் அதிலுள்ள சுக்ரோசைக் குளுக்கோசு, பிரக்டோசு என்னும் எளிய சர்க்கரைகளாகப் பிரித்துவிடுகின்றன. இவை சர்க்கரை படிகமாவதற்கு இடையூறு செய்கின்றன. உழவர் தம் இழப்பினால் கண்டறிந்த உண்மைக்கு வேதியியல் காரணம் கூறுகின்றது. அவ்வுண்மையைப் பாடநூலில் மட்டும் படித்தவர் தேர்வெழுதியவுடன் மறந்துவிடுவர். வண்டியில் வாடும் கரும்பைக் கண்டு 'ஏன்?' என்று கேட்டவர் மறவார்.

அதே மாவட்டத்தில் உள்ள நெய்வேலி இதனினும் பெரிய பாடத்தைக் கற்பிக்கின்றது. 1930களில் சம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அவர் அதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடாமல், அரசினரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் நடந்த ஆய்வுகளால் அது பழுப்பு நிலக்கரி என்று தெளிவாயிற்று. 1956-இல் நிறுவனம் அமைந்தது. 1957-இல் தோண்டும் பணி தொடங்கிற்று. ஆனால், நிலக்கரி எளிதில் கைக்கு வரவில்லை. அதன்மேல் கடினமான மணற்பாறை படிந்திருந்தது. அதன்கீழோ பேரழுத்தத்துடன் ஊற்றுநீர் நின்றது. மேலுள்ள மண்ணை அகற்றினால், கீழுள்ள நீர் பீறிட்டுச் சுரங்கத்தையே மூழ்கடிக்கக்கூடும். ஆகவே, சுற்றிலும் ஆழ்கிணறுகள் அமைத்து, இடைவிடாது நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்தனர். பாறை இயந்திரத்தின் பற்களைத் தேய்த்தமையால் அதனை வெடி வைத்துத் தளர்த்தினர். 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. அதன் எடையில் ஏறக்குறையப் பாதி ஈரமே ஆதலால், தொலைவிடங்களுக்கு ஏற்றிச் செல்வது பயன் தராது. எனவே, சுரங்கத்தின் அருகிலேயே அனல்மின் நிலையம் எழுந்தது. 1962-இல் மின்னாற்றல் பிறந்தது.

இப்பெருஞ்செயலைப் புரிந்தவர் யார்? நிலவியல் அறிஞர் மட்டுமோ, இயந்திரப் பொறியாளர் மட்டுமோ அல்லர். நீரியல் கற்றோரும், வேதியியலாரும், மின்பணியாளரும், பற்றவைப்போரும், இயந்திரம் ஓட்டுவோரும் சேர்ந்தே இதனை முடித்தனர். ஆதலால், உயர்ந்த பட்டம் ஒன்றே அறிவியற் பணிக்கு வாயில் என்று எண்ணுதல் தவறு. பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சி நிலையத்திலோ, மூன்றாண்டுப் பட்டயக் கல்லூரியிலோ சேரலாம். பட்டயம் பெற்றோர் பொறியியற் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. ஆராய்ச்சியில் நாட்டம் உடையோர்க்கு இயற்பியல், வேதியியல், கணிதம் முதலிய அடிப்படை அறிவியல்கள் உள்ளன. சிதம்பரத்தில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இவ்விருவகைக் கல்வியும் உண்டு. பிறர் போகும் வழி எது என்று பாராமல், தம் மனமும் கையும் எதில் ஊன்றி நிற்கின்றன என்று ஆராய்ந்து தேர்தலே அறிவுடைமை.

அதனை ஆராய்வதற்கு எளிய வழி, படித்ததை அளந்து பார்த்தல் ஆகும். வயற்கிணற்று மோட்டார் 200 லிட்டர் தொட்டியை 40 நொடியில் நிரப்பினால், அது நொடிக்கு 5 லிட்டர் நீர் இறைக்கின்றது. அதே திறனுள்ள வேறொரு மோட்டார் குறைவாக இறைத்தால், நீர்மட்டத்தின் ஆழமா, குழாயின் அகலமா, கசிவா, எது காரணம் என்று தேடலாம். இவ்வாறு தேடுவதில் பொழுது போவது தெரியாதவர் பொறியியலுக்கு உரியவர். கருத்தை முதலில் தாய்மொழியில் தெளிவாக உணர்ந்துகொண்டால், பின்னர் ஆங்கில நூல்களைக் கற்பதும் கடினமாகத் தோன்றாது.

இத்துறை ஆடவர்க்கே உரியது என்னும் எண்ணமும் ஒழிதல் வேண்டும். சென்னையில் பிறந்த லலிதா என்னும் பெண்மணி தம் 18-ஆம் வயதில் கணவரை இழந்தார். கையில் பெண் குழந்தை இருந்தது. அவர் 1940-இல் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் சேர்ந்து மின்பொறியியல் பயின்றார். அதுவரை அங்கு ஆடவரே பயின்றமையால், அவருடைய பட்டச் சான்றிதழில் ஆண்பாற் சொல்லை அடித்துப் பெண்பாற் சொல்லை எழுத வேண்டியதாயிற்று. பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்பணியிலும் அவர் பங்கு கொண்டார். சான்றிதழில் அடித்து எழுதப்பட்ட அந்த ஒரு சொல், அவருக்குப் பின் வந்த பெண்களுக்குப் பெருவழியைத் திறந்தது.

திறமையோடு மற்றொன்றும் வேண்டும். நெய்வேலியில் மின்னொளி பிறந்தபோது, அதற்காகத் தம் நிலத்தையும் ஊரையும் விட்டுப் பெயர்ந்த உழவரும் இருந்தனர். 2023-இல் சுரங்கத்துக்குரிய கால்வாய் வெட்டும் பணிக்காக, வளையமாதேவிப் பகுதியில் விளைந்து நின்ற நெற்பயிர் அழிக்கப்பட்டபோது மக்கள் வருந்தி எதிர்த்தனர். மின்னும் வேண்டும், நெல்லும் வேண்டும். இரண்டையும் காக்கும் வழியைக் காண்பதே இனி வரும் பொறியாளர்முன் நிற்கும் கடினமான கணக்கு. அதற்கு விடை எந்தப் பாடநூலிலும் அச்சிடப்படவில்லை. உழவர் வீட்டில் பிறந்து, நிலத்தின் அருமையை உணர்ந்து, பொறியியலும் கற்றவரே அவ்விடையைக் காணத் தகுதி மிக்கவர். கரும்பு வயல்களின் நடுவே பள்ளிக்கு நடந்து செல்லும் மாணவரும் மாணவியரும் இதனை உணர்ந்து பயில்வாராயின், அவர் கல்வி அவர்தம் வீட்டை வாழ்விப்பதோடு நாட்டையும் வாழ்விக்கும்.