கலைஞனுக்குக் கூலியா, பிரசாதமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடை முன் போய் நின்றுகொண்டு, "ஐயா, இது ஆண்டாள் ஊர்ப் பண்டம், ஆகவே ஒரு கிலோ இனாமாகக் கொடும், புண்ணியம் உண்டு" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்தவருக்கு நிறுத்துக் கொடுக்கப் போய்விடுவார். ராஜபாளையத்தில் நூல் மில் தொழிலாளியிடம், "நூல் நூற்பது தேசத் தொண்டு, இந்த மாதம் சம்பளம் வேண்டாமே" என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கே மில் வாசலில் கொடி ஏறிவிடும். ஆனால் மேளம் வாசிக்க வந்தவரிடமும், கரகம் ஆட வந்த பெண்மணியிடமும், நாடகத்தில் வேஷம் கட்ட வந்தவரிடமும், படம் எழுத வந்தவரிடமும் மாத்திரம் இந்தப் பேச்சைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் பேசுகின்றோம். "கலை தெய்வீகமானது, அதற்கு விலை உண்டா?" என்கின்றோம். இப்படிச் சொல்லுகின்றவன் எப்போதும் வாங்குகின்றவனாக இருக்கின்றானே ஒழிய, விற்கின்றவனாக இருப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

ஒரு கோவில் கொடையை எடுத்துக் கொள்ளுங்கள். பந்தல்காரருக்கு முன்பணம் உண்டு. மைக் செட்டுக்காரருக்கு முன்பணம் உண்டு. சமையற்காரரும் வாணவேடிக்கைக்காரரும் பேசினபடி வாங்கிக் கொண்டுதான் போகிறார்கள். தட்டில் விழுகின்ற தட்சிணைக்குத் தெய்வீகம் ஒரு நாளும் குறுக்கே வந்ததில்லை. விடிய விடிய ஆடினவர், பாடினவர், ஊதினவர் கூலி கேட்கும்போதுதான் வரவு செலவுக் கணக்கு இடிக்கின்றது. ஒரு பொன்னாடையைப் போர்த்தி, கொஞ்சம் பிரசாதத்தைக் கையில் கொடுத்து, "மிச்சத்தைச் சாமி கொடுக்கும்" என்று அனுப்பிவிடுகின்றார்கள். பொன்னாடையை மளிகைக் கடையில் கொடுத்தால் அரிசி கிடைக்குமா? வாய் திறந்து கேட்கின்ற பெண்மணியையோ, "ஆட்டக்காரிக்கு வந்த வாயைப் பார்" என்கின்றார்கள். ஆடும்போது கை தட்டினவனும் இவன்தான்!

பணம் வாங்கினால் கலை கெட்டுவிடும் என்று சில பெரிய மனிதர்கள் சொல்லுகின்றார்கள். 1935-இல் வெளிவந்த "பக்த நந்தனார்" படத்தில் நடிக்கத் தோழர் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். படமோ பக்திப் படம். அந்த அம்மையாரோ பக்தி உள்ளவர். ஆனாலும் பக்திக்காக இனாமாக நடித்துவிடவில்லை. தம் தொழிலின் விலை தமக்குத் தெரிந்திருந்தது, கேட்டார், வாங்கினார். அவர் செய்தது முழுவதும் சரி. அதனால் அவர் குரல் கெட்டுப் போயிற்றென்று யாராவது சொன்னார்களா?

நிற்க, இந்த இனாம் புத்தி எங்கிருந்து வந்தது? ஜாதியிலிருந்துதான் வந்தது. பறை இன்ன ஜாதிக்கு, நாயனம் இன்ன ஜாதிக்கு என்று பங்கு பிரித்து, அதைப் பிறவிக் கடமை என்று ஆக்கி விட்டார்கள். கடமை செய்கின்றவன் பேரம் பேசலாமா? படியளப்பதை வாங்கிக் கொண்டு கும்பிட்டுப் போக வேண்டியதுதான். பக்கத்துச் சிவகாசியில் 1886-இல் பிறந்த விஸ்வநாததாஸ் என்ன பாடுபட்டார்? முருகன் வேஷத்தில் அவர் மேடையேறினால் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஆனால் அவர் மருத்துவர் வகுப்பில் பிறந்தவர் என்பதற்காக, கூட ஜோடியாக நடிக்க நடிகைகள் பலர் மறுத்தார்கள். பாட்டுக்காகப் பல முறை ஜெயிலுக்குப் போனார். கடன் தொல்லை கடைசி வரை விடவில்லை. 1940 டிசம்பர் 31-இல் சென்னையில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் விட்டார். வேஷத்துக்குக் கும்பிடு, வேஷம் கட்டினவருக்குக் கடன்! இதுதான் இந்த நாடு கலையை மதித்த லட்சணம்.

இவ்வளவும் மற்றவர்களைச் சொல்லிவிட்டு, நம் முதுகை மறைப்பது யோக்கியமாகாது. சில வருஷங்களுக்கு முன் ராஜபாளையத்தில் நாம் ஒரு கூட்டம் போட்டோம். பிளெக்ஸ் போர்டு வந்ததால் வேலை குறைந்து போயிருந்த ஓர் ஓவியத் தோழரைச் சுவர் எழுதக் கூப்பிட்டோம். நான்கு ராத்திரி எழுதினார். சாயத்துக்குக் காசு கொடுத்தோம்; கைக்குக் கொடுக்கவில்லை. அவர் கேட்டதற்கு, "கொள்கைக்காகச் செய்யக் கூடாதா, தோழரே?" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, "போன வாரம் கோவில் கமிட்டியில் சாமிக்காகச் செய்யப்பா என்றார்கள். நீங்கள் கொள்கைக்காக என்கிறீர்கள். என் வீட்டு அடுப்புக்கு ரெண்டும் ஒண்ணுதான், அண்ணாச்சி" என்றார். நமக்கு நாக்கு எழவில்லை. மறுநாள் கூலியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம் என்பதில் பெருமை ஒன்றும் இல்லை; கேட்ட பிறகு கொடுத்தது கொடுத்ததாகாது. சாமியின் பேரைச் சொல்லி உழைப்பைத் திருடுவது பித்தலாட்டமானால், கொள்கையின் பேரைச் சொல்லித் திருடுவதும் பித்தலாட்டமே ஆகும்.

இனி படம் எழுதுகின்றவர் சங்கதி. கோவில்பட்டியில் தங்கி வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) நாடகத் திரைச்சீலை எழுதியவர். பிறகு அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய சாமிப் படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகித் தமிழ்நாட்டு வீடுகளில் சுவர்தோறும் தொங்கின. அந்தப் படத்துக்குச் சூடம் காட்டினவர்களில் எத்தனை பேர் எழுதினவர் பேரைக் கேட்டார்கள்? எழுதுகின்ற கூலி ஒரு தடவைதான். அச்சடிப்பதோ எத்தனை தடவை வேண்டுமானாலும்.

சட்டம் என்ன சொல்லுகின்றது என்பதை ஓவியத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எழுதச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமைக்காரர் எழுதச் சொன்னவர்தான், எழுதினவர் அல்ல! தாமாக எழுதின படமானால் உரிமை எழுதினவருடையது. அவர் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 வருஷமும் அது இருக்கும். அதைப் பிறருக்கு மாற்ற எழுத்து மூலம் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷத்துக்குத்தான் செல்லும் என்கிறது 19-வது பிரிவு. உரிமையை விற்றுவிட்டாலும், "இதை எழுதினவன் நான்" என்று சொல்லிக்கொள்ளுகின்ற உரிமை 57-வது பிரிவின்படி போகாது. ஒரு காகிதத்தில் நான்கு வரி எழுதி இரண்டு கையெழுத்துப் போடாததனால் ஒருவர் உழைப்பு முழுவதும் பறிபோகும் என்றால், அந்த நான்கு வரிக்கு ஏன் கூச்சப்பட வேண்டும்?

கலைத் தோழர்களிடத்திலும் குற்றம் இல்லாமல் இல்லை. "நீங்கள் பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லுவதை மரியாதை என்று நினைக்கின்றார்கள். அது மரியாதை அல்ல, அடிமைப் புத்தி. ஒருவர் பேசின தொகைக்குக் கீழே இன்னொருவர் போய் நிற்பதோ, இருவர் வயிற்றிலும் மண்ணைப் போடுவதாகும்.

ஆகவே, தோழர்களே! தொகையை முதலில் பேசுங்கள். பாதியை முன்பணமாக வாங்குங்கள். தேதி, எத்தனை பேர், எத்தனை மணி நேரம், வண்டிச் சத்தம், சாப்பாடு எல்லாவற்றையும் எழுதிக் கொள்ளுங்கள். ஆடுகின்ற பெண்மணியின் கூலி அவர் கையிலேயே போகட்டும். படத்தின் கீழே உங்கள் பேரைப் போடுங்கள். 2007-இல் ஏற்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். தொண்டு செய்ய ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள்; ஆனால் அது உங்கள் மனசாகக் கொடுப்பதாக இருக்கட்டும், பிறர் பிடுங்குவதாக இருக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை ஒரு கலைஞருக்குப் பொன்னாடை போர்த்துமுன், பேசின கூலியைக் கொடுத்தாயிற்றா என்று பக்கத்தில் இருக்கின்ற பொருளாளரைக் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால், பொன்னாடையை மடித்து வைத்துவிடுங்கள்.