கேள்வியில் வேண்டும் திருத்தம்

இணையப் பக்கங்களை இயக்கிவரும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல் பாஷையில், மதிப்புகளை வரிசையாக அடுக்கி வைத்தால் அதற்கு அர்ரே என்றும், விவரங்களைப் பெயரிட்டுச் சேர்த்து வைத்தால் அதற்கு ஆப்ஜெக்ட் என்றும் பெயர். கையிலுள்ளது இவ்விரண்டில் எது என்று அறிய விரும்பி, அப்பாஷையே அளித்துள்ள 'டைப்ஆஃப்' என்னும் சாதனத்தால் வினவினால், இரண்டுக்கும் 'ஆப்ஜெக்ட்' என்றே விடை வரும்; இன்மையைக் குறிக்கும் 'நல்' என்ற மதிப்பைக் காட்டிக் கேட்டாலும் அதே விடைதான்.

அர்ரேயும் ஆப்ஜெக்ட் இனத்தைச் சேர்ந்ததே ஆகையால், அதைப் பற்றிய விடையைப் பொய்யென்று சொல்வதற்கில்லை. 'நல்' விஷயமோ சந்தேகமின்றிப் பிழை. 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் உருவாக்கிய அந்த ஆதி வடிவத்தில், ஆப்ஜெக்டின் வகையடையாளம் பூஜ்யமாகவும், 'நல்' முழுவதுமே பூஜ்யமாகவும் இருந்தபடியால், ஒன்று மற்றொன்றாகத் தோன்றிவிட்டது. பிற்காலத்தில் இதைத் திருத்த யோசனை எழுந்தபோது, அந்தப் பிழையையே நம்பி எழுதப்பட்ட பக்கங்கள் பழுதாகும் என்று கருதி அதைக் கைவிட்டார்கள். அது விவேகமான முடிவென்பதே என் அபிப்பிராயம். ஊரார் அனைவரும் புழங்கும் ஒன்றைத் திருத்தப் புகுவோர், அதனால் எவருக்குக் கேடு என்று முதலில் பார்க்கவேண்டும்.

ஆயினும் 'டைப்ஆஃப்' இவற்றைப் பிரித்துக் காட்டாததன் பாரம் இன்று எழுதுவோர் தலையில் விழுகிறது. ஒருவர் பல பொருள்களை வாங்கினால் அர்ரேயாகவும், ஒன்றே வாங்கினால் தனி ஆப்ஜெக்டாகவும் விவரம் அனுப்பும் சர்வர்கள் உண்டு. பட்டியலின் நீளத்தைப் பார்த்துச் சுழலும்படி எழுதிய நிரல், நீளம் என்பதே இல்லாத ஆப்ஜெக்டைக் கண்டதும் ஒருமுறைகூடச் சுழலாது. பிழைச் செய்தியும் எழாது. வாங்கியவர் பார்க்கும் பக்கம் மட்டும் வெறுமையாக நிற்கும்.

ஒரு மதிப்பு இன்ன மூலத்திலிருந்து பிறந்ததா என்று பார்க்கும் 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' என்ற சோதனையும் பூரணமானதன்று. ஒரு பக்கத்துக்குள் பதிக்கப்படும் மற்றொரு பக்கமான ஐஃப்ரேம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அர்ரே மூலம் உண்டு. ஆதலால் ஒன்றில் பிறந்த அர்ரேயை மற்றொன்று தன்னுடையதென்று ஏற்காது. இக்குறையை நீக்கவே 2009 டிசம்பரில் வெளிவந்த எக்மாஸ்கிரிப்ட் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் தரவரையறையின் ஐந்தாம் பதிப்பு 'அர்ரே.இஸ்அர்ரே' என்ற நேரான சோதனையை அளித்தது. அர்ரே அல்லாத ஆப்ஜெக்டைத்தான் தேடுகிறோமென்றால், 'டைப்ஆஃப்' தரும் விடையோடு, அது 'நல்' அன்று, அர்ரேயும் அன்று என்பதையும் சேர்த்து உறுதி செய்துகொள்வதே முறை.

ஆகவே, நிரல் கற்பிக்கும் ஆசிரியர்கள் 'டைப்ஆஃப்' பாடத்தை நடத்தும் அன்றே அதன் எல்லையையும் 'இஸ்அர்ரே'யையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டுகிறேன். சர்வர் பக்கத்தில் எழுதுவோரோ, பொருள் ஒன்றே ஆனாலும் அதை அர்ரேயில் இட்டே அனுப்புவதை நியமமாகக் கொள்வார்களாக. அப்போது இந்தச் சோதனைக்கே பெரும்பாலும் அவசியம் நேராது.